மதாம் முவாதெசியேயின் விரல்களில் எலும்பு எங்கே போயிற்று?

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் பூப்போட்ட பட்டு கவுனோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் படம் இருக்கிறது. வரைந்தவர் ஆங்க்ர் என்ற பிரெஞ்சுக்காரர். துணியைக் கை நீட்டித் தொட்டுவிடலாம் போலிருக்கிறது. ஆனால் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கையைப் பார்த்தால் விரல்களில் எலும்பே இல்லை. பின்னால் இருக்கும் கண்ணாடியில் அவள் முகம் பக்கவாட்டில் தெரிகிறது. அந்தக் கோணத்தில் அப்படித் தெரிய வழியே இல்லை. துணியை இவ்வளவு துல்லியமாக வரைந்தவருக்கு விரலும் கண்ணாடியும் எப்படித் தவறின? அதை விட்டால், ஒரு பணக்கார வீட்டுப் பெண்ணின் பகட்டைத் தவிர இதில் பார்க்க என்ன இருக்கிறது?

விரலையும் கண்ணாடியையும் கவனித்தவர் ஏற்கெனவே நன்றாகப் பார்த்திருக்கிறார். பலர் கவுனோடு நின்றுவிடுகிறார்கள். என் பதில் இது: அவை தவறிப்போன இடங்கள் அல்ல. துணியில் அவர் காட்டும் கண்டிப்புதான், உடம்பில் அவர் எடுத்துக்கொள்ளும் உரிமையை நம்மை நம்ப வைக்கிறது. அது எப்படி என்று படத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். இனெஸ் முவாதெசியே, பிறந்த வீட்டுப் பெயர் து ஃபூக்கோ. 1821ல் பிறந்தவர். 1842ல் சிஜிஸ்பேர் முவாதெசியே என்ற வசதியான வணிகருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டார். பின்னாளில் அல்ஜீரியப் பாலைவனத்தில் துறவியாக வாழ்ந்து, 1916ல் கொல்லப்பட்டு, 2022ல் புனிதராக அறிவிக்கப்பட்ட சார்லஸ் தெ ஃபூக்கோவை நம் கத்தோலிக்க வாசகர்கள் அறிந்திருப்பார்கள். இந்த இனெஸ் அவருக்கு அத்தை, அப்பாவின் கூடப்பிறந்தவர்.

1844ல் குடும்பத்துக்கு வேண்டிய ஒரு நண்பர் மூலமாக ஆங்க்ரிடம் கேட்டார்கள், இனெஸை ஒரு படம் வரைந்து தர முடியுமா என்று. அவர் முடியாது என்றுவிட்டார். அவருக்கு அப்போது 60 வயது தாண்டியிருந்தது. ரோமில் பிரெஞ்சுக் கலைக்கழகத்தின் இயக்குநராக இருந்துவிட்டு 1841ல் பாரிஸ் திரும்பியவர். வரலாறும் புராணமும் வரைவதுதான் ஓவியனுடைய உண்மையான வேலை, ஆள்படம் வரைவது நேரத்தைத் தின்னும் காரியம் என்பது அவருடைய தீர்மானம். இளம் வயதில் ரோமில் வயிற்றுப்பாட்டுக்காகச் சுற்றுலா வந்தவர்களைப் பென்சிலில் வரைந்து காசு பார்த்தவர் என்பதால் அந்த வெறுப்பு இன்னும் கூடியிருக்கலாம். ஆனால் இனெஸை நேரில் பார்த்ததும் மனம் மாறி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட படம் முடிந்தது 1856ல். பன்னிரண்டு வருடம். உட்காரத் தொடங்கியபோது அந்தப் பெண்ணுக்கு 23 வயது, படம் வீட்டுக்கு வந்தபோது 35.

சரி, படத்துக்கு வருவோம். ஏறக்குறைய நான்கு அடி உயரம், மூன்று அடி அகலம். தொலைவிலிருந்து பார்க்கிற எவர் கண்ணும் முதலில் கவுனில்தான் போய் விழும். விழட்டும். அதைத் தாண்டி முகத்துக்கு ஓட வேண்டியதில்லை. ஆங்க்ர் அப்படித்தான் நம்மை உள்ளே கூப்பிடுகிறார்.

வெள்ளைப் பட்டின் மேல் பூங்கொத்துகள் சிதறிக் கிடக்கின்றன. பாவாடை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை விரிந்து, படத்தின் கீழ்ப்பாதியை எடுத்துக்கொள்கிறது. கீழ்விளிம்பில் படம் அதை வெட்டிவிடுகிறது, காலே தெரியாது. கிரினோலின் என்ற விறைப்பான உட்பாவாடை வைத்துப் பாவாடையைக் குடைபோல விரிப்பது 1850களின் மத்தியில் பாரிஸில் உச்சத்தில் இருந்த நாகரிகம். எஃகு வளையம் வைத்த கிரினோலினுக்குக் காப்புரிமை எடுத்ததே படம் முடிந்த அந்த 1856ஆம் வருடம்தான்.

இப்போது ஏதாவது ஒரு பூங்கொத்தைத் தேர்ந்தெடுத்து அதிலேயே கண்ணை வையுங்கள். பூப்போட்ட பட்டுப்புடவையில் கொசுவம் வைத்தால் ஒரு பூ மடிப்புக்குள் பாதி போய்விடும், அடுத்த மடிப்பில் அதன் இன்னொரு இதழ் மட்டும் எட்டிப் பார்க்கும், இல்லையா? அதேதான் இங்கே நடக்கிறது. துணி நம்மை நோக்கி இருக்கும் இடத்தில் ரோஜா முழு வட்டமாக இருக்கிறது. மடிப்பின் சரிவில் அதே ரோஜா ஒடுங்குகிறது. பள்ளத்தில் காணாமல் போகிறது. ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்து வைக்கப்பட்டது. பூவை முதலில் வரைந்து அதன் மேல் நிழல் பூசிவிட்டால் துணி தட்டையாகத்தான் தெரியும். பூ மடிப்போடு சேர்ந்து திரும்ப வேண்டும். இதைச் செய்து பார்த்த ஓவியர்களுக்கு இதன் பாடு தெரியும்.

வெள்ளை என்று சொன்னேன். உற்றுப் பார்த்தால் சுத்த வெள்ளை மிகக் கொஞ்ச இடத்தில்தான். மற்றதெல்லாம் சாம்பல், வெளிர்நீலம், லேசான மஞ்சள். அவற்றை அடுத்தடுத்து வைத்த விதத்தில் நம் கண் வெள்ளைப் பட்டு என்று சொல்லிக்கொள்கிறது. தூரிகை போன தடமே தெரியாது. பரப்பு பீங்கான் போல வழவழ என்று இருக்கும். அது அவர் வேண்டுமென்றே வளர்த்துக்கொண்ட வழக்கம். வரைகோடுதான் கலையின் நேர்மை என்று சொன்னவர் அவர். வண்ணம் தன்னைக் காட்டிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது.

மார்பில் ஒரு பெரிய புரூச், ரிப்பன் முடிச்சுகள், குஞ்சங்கள், இரண்டு கைகளிலும் கல் பதித்த வளைகள். இவற்றிலும் அதே கண்டிப்புதான். ஒவ்வொரு கல்லிலும் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியும். நகைகள் எனக்கு அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. அந்தக் காலத்துத் தேர்ந்த ஓவியர்கள் பலருக்கும் இது கைவந்த வேலைதான். துணிதான் வேறு ரகம்.

பகட்டு என்று கேட்டவர் சொன்னது சரிதான், இது பகட்டு இல்லாமல் வேறென்ன? பணம் கொடுத்து வரையச் சொன்னவர்களுக்கு வேண்டியதும் அதுவே. மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ், புதுப் பணம், புது வீடுகள். அதில் மூடிமறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பகட்டை மட்டும் வரைந்த ஆள்படங்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ. அவற்றில் எதுவும் இப்படி நம்மை நிறுத்திவைப்பதில்லை. வேறுபாடு கழுத்துக்கு மேலேயும் கைகளிலும் இருக்கிறது.

அவளுடைய வலது கை மேலே வருகிறது. முழங்கை சிவந்த மெத்தை இருக்கையின் மேல் ஊன்றியிருக்கிறது, சுட்டுவிரல் நெற்றிப்பொட்டைத் தொடுகிறது, மற்ற விரல்கள் தளர்ந்து விலகிக் கிடக்கின்றன. இந்தக் கையைக் கவனமாகப் பாருங்கள். கணு எங்கே? மூட்டில் தோல் சுருங்கிய கோடு எங்கே? விரல் நடுவில் மடங்காமல், அடியிலிருந்து நுனி வரை ஒரே வளைவாக வளைகிறது. கொடியின் சுருள் முனை வளைவதைப் போல என்று சொல்லத் தோன்றும். தோளும் அப்படியே. கழுத்திலிருந்து இறங்கும் கோடு எங்கும் தோள்பட்டை எலும்பில் இடறாமல் புஜத்துக்குள் போய்விடுகிறது. சுட்டுவிரல் தலையைத் தாங்குகிறதா? தாங்கவில்லை. தலையின் பாரம் அந்த விரலில் கொஞ்சமும் இல்லை, தோல்கூட அமுங்கவில்லை. நிஜமாகவே சாய்ந்திருப்பவள் என்றால் கன்னம் கொஞ்சம் ஏறியிருக்கும், கண் ஓரம் இழுபட்டிருக்கும்.

அப்படியானால் உடற்கூறு தெரியாதவரா? தெரியும். நன்றாகவே தெரியும். மோந்தொபான் என்ற அவருடைய சொந்த ஊர் அருங்காட்சியகத்துக்கு அவர் விட்டுச்சென்ற வரைதாள்கள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல். கை, மணிக்கட்டு, தோள், முதுகு என்று அவர் வரைந்து தள்ளியதை அங்கே பார்க்கலாம். எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அதை எடுத்தார். 1814ல் அவர் வரைந்த படுத்திருக்கும் அந்தப்புரப் பெண்ணின் முதுகைப் பார்த்து, மூன்று முதுகெலும்பு கூடுதலாக இருக்கிறது என்று விமர்சகர்கள் ஏசினார்கள். அந்தப் படம் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏச்சு வாங்கி நாற்பது வருடம் ஆன பிறகும் அதே வழியில்தான் போகிறார். தெரியாமல் செய்கிறவர் நாற்பது வருடத்தில் திருத்திக்கொண்டிருப்பார்.

அந்தக் கை வந்த இடத்தைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். இத்தாலியில் வெசூவியஸ் எரிமலை கி.பி. 79ல் வெடித்தபோது பொம்பெயி நகரத்தோடு சேர்ந்து புதைந்த இன்னொரு ஊர் ஹெர்குலேனியம். அங்கே தோண்டியெடுத்த சுவரோவியம் ஒன்றில், ஹெர்குலிஸ் தன் மகன் தெலெஃபஸைக் கண்டுபிடிக்கும் காட்சி இருக்கிறது. கிரேக்கத்தின் ஆர்க்கேடியா நாட்டையே ஒரு பெண் தெய்வமாக உருவகித்து உட்கார வைத்திருக்கிறார்கள். பெரிய உருவம், அசையாத முகம், ஒரு கை தலையருகே, விரல் நெற்றிப்பொட்டில். இப்போது நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1814ல் நெப்போலியனின் தங்கை கரோலின் முராவை வரைய ஆங்க்ர் நேப்பிள்ஸ் போயிருந்தார். அந்தச் சுவரோவியம் அவருக்கு நன்கு தெரியும். முப்பது வருடம் கழித்து, பாரிஸில் ஒரு வணிகரின் மனைவி எதிரே வந்து உட்காரும்போது அந்த விரல் திரும்பி வருகிறது.

அதாவது இனெஸ் உட்கார்ந்த நிலை அவள் தானாக உட்கார்ந்த நிலை அல்ல. அது தெய்வம் உட்கார்ந்த நிலை. தெய்வத்தின் தலைக்குப் பாரம் கிடையாது, விரலில் கணு தேவைப்படாது. ஆனால் அந்தத் தெய்வத்துக்கு அந்த வருடத்து பாரிஸ் கவுனை மாட்டிவிட்டிருக்கிறார். இரண்டையும் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே பழகியவை. கிரேக்கத் தெய்வம் வரைந்தவர்களும் உண்டு, நாகரிகச் சீமாட்டிகளை வரைந்தவர்களும் உண்டு. ஒரே உடம்பில் இரண்டையும் தையல் தெரியாமல் சேர்த்ததுதான் இந்தப் படம். 1847ல், பாதி வரைந்த நிலையில் படத்தை ஓவியரின் பட்டறையில் பார்த்த எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே இவளுடைய அழகை, ரோமர்களின் தெய்வ அரசியான ஜூனோ தேவியின் வார்ப்பு என்று எழுதினார். கவுன் இப்போதைய வடிவத்துக்கு வராத காலத்திலேயே அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். படத்தின் முன்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக் கட்டைவிரலால் அந்த வலது கையை மட்டும் மறையுங்கள். முகம் சட்டென்று சாதாரணமாகிவிடும். அழகான, கொஞ்சம் பருத்த, யோசனையில்லாத முகம். விரலை எடுத்தால் அதே முகத்துக்கு ஒரு தீவிரம் வந்துவிடுகிறது. முகத்தில் எதுவும் மாறவில்லை. நினைக்கிறாள் என்று நமக்குச் சொல்வது அந்த ஒரு விரல்.

முகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் படிய வாரிய தலைமுடி. அதற்குக் கீழே முட்டை வடிவ முகம். ஒளி நேர் எதிரே இருந்து விழுவதால் நிழல் என்று சொல்லும்படி ஏதுமில்லை. மூக்கின் ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் மட்டும் மெல்லிய சாம்பல் பூச்சு. நிழல் வைத்து முகத்தை உருட்டுவது எளிது. நிழலே இல்லாமல் ஒரு முகம் உருண்டையாகத் தெரிய வேண்டுமென்றால் விளிம்புக் கோட்டை மட்டும் நம்ப வேண்டும். அந்தக் கோடு எங்கும் தடுமாறவில்லை. கண்கள் நம்மைப் பார்க்கின்றன. ஆனால் நம்மை எடைபோடவில்லை, நம்மிடம் எதையும் கேட்கவில்லை. வயது சொல்ல முடியாது. 23 என்றாலும் நம்பலாம், 35 என்றாலும் நம்பலாம். அந்த இரண்டு வயதும் அங்கே இருக்கின்றன என்பதுதான் உண்மை.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் நடந்தது இது. முதலில் வரைந்த அமைப்பில் இனெஸின் சிறு மகள் கத்தரீன் அம்மாவின் மடியோரம் நின்றுகொண்டிருந்தாள். குழந்தை ஒரு நிலையில் நிற்கவில்லை. எடுத்துவிட்டார். 1849ல் ஆங்க்ரின் மனைவி மதலேன் இறந்துபோனார். முப்பத்தாறு வருட மணவாழ்க்கை. அவர் உடைந்துபோய் வேலையையே நிறுத்திவிட்டார். முவாதெசியே குடும்பம் காத்திருந்தது. 1851ல் அவர் மறுபடி தூரிகை எடுத்தபோது பாதியில் நின்ற படத்துக்குப் போகவில்லை. புது ஓவியத்துணி ஒன்றைச் சட்டத்தில் கட்டி, அதே இனெஸைக் கறுப்பு உடையில், தலையில் ரோஜாக்களோடு, நின்ற கோலத்தில் வரைந்து அதே வருடத்திலேயே முடித்துக் கொடுத்தார். அந்தப் படம் இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கொடுத்த வாக்கு அதோடு தீர்ந்தது என்று யாராவது நினைத்திருக்கலாம். அவர் நினைக்கவில்லை. உட்கார்ந்த படத்துக்குத் திரும்பினார். உடையை மாற்றினார். நாகரிகம் மாறிக்கொண்டே போனது, அவரும் மாற்றிக்கொண்டே போனார். கடைசியில் 1856 என்று வருடத்தையும், தன் வயது 76 என்பதை ரோமன் எண்ணிலும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். வயதைக் கையெழுத்தோடு போடுவதில் ஒரு பெருமிதம் தெரிகிறது, அந்தப் பெருமிதத்துக்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

நின்ற படத்தையும் உட்கார்ந்த படத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தால், பலர் வாஷிங்டன் படத்தைத்தான் கம்பீரம் என்பார்கள். கறுப்பு உடை, சிவந்த சுவர், முத்துமாலை, நேர்ப்பார்வை. நல்ல படம்தான். ஆனால் அது ஒரே மூச்சில் முடிந்த படம், ஒரே ஒரு பேச்சைத்தான் பேசுகிறது. உட்கார்ந்த படத்தில் ஒரு பெண்ணின் இளமையும் நடுவயதும், அடுத்தடுத்த நாகரிகங்களும், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு சுவரும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. எனக்கு அதுதான் பெரிது.

இனி கண்ணாடி. அவளுக்குப் பின்னால் சுவரோடு சேர்ந்து ஒரு பெரிய கண்ணாடி. இடது பக்கம் ஒரு கீழ்த்திசைப் பீங்கான் சாடி. வலது ஓரத்தில், மங்கலாக, அவள் முகத்தின் பக்கவாட்டுத் தோற்றம். அவள் நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடி அவள் முதுகுக்குப் பின்னால். அப்படியென்றால் கண்ணாடியில் பின்னந்தலைதான் தெரிய வேண்டும். கண்ணாடி திருப்பி வைத்திருந்தாலொழிய பக்கவாட்டு முகம் தெரியாது. இங்கே அது திருப்பி வைத்ததாகத் தெரியவில்லை.

இதிலும் அவருக்குக் கண்ணாடியின் விதி தெரியாது என்று சொல்ல முடியாது, கையிலேயே சாட்சி இருக்கிறது. நியூயார்க் ஃபிரிக் சேகரிப்பில் கோம்தெஸ் தோசோன்வில் என்ற சீமாட்டியை அவர் 1845ல் வரைந்த படம் உண்டு. இனெஸ் படத்தைத் தொடங்கிய அதே சமயம். அதிலும் பெண்ணுக்குப் பின்னால் கண்ணாடி. அதில் தெரிவது பின்கழுத்தும், தலையில் கட்டிய சிவப்பு ரிப்பனும். இயல்பாக எது தெரியுமோ அது. (அந்தப் படத்தில் வலது கை தோளிலிருந்து வராமல் விலாவிலிருந்து முளைத்ததுபோல் இருக்கும், அது வேறு விஷயம்.) அங்கே கண்ணாடியை ஒழுங்காக வரையத் தெரிந்தவர் இங்கே வேண்டுமென்றேதான் பக்கவாட்டு முகத்தை வைத்திருக்கிறார்.

ஏன் என்பதற்கு என் ஊகம் இது. பழைய ரோம நாணயங்களில் முகம் பெரும்பாலும் பக்கவாட்டில்தான் இருக்கும். கல்லில் செதுக்கிய கேமியோ பதக்கங்களிலும் அப்படியே. பழங்காலம் மனிதர்களை நிலைநிறுத்திய கோணம் அது. எதிரே பார்க்கும் முகம் 1856 பாரிஸில் இருக்கிறது, பளிச்சென்று, நகையும் பூவுமாக. கண்ணாடிக்குள் இருக்கும் முகத்தில் பளபளப்பு இல்லை, வண்ணம் வடிந்து, ஓரம் கரைந்து, ஒரு பழைய பதக்கத்தின் முகமாக இருக்கிறது. கையில் மறைமுகமாகச் செய்ததைக் கண்ணாடியில் வெளிப்படையாகவே செய்துவிட்டார் என்று நினைக்கிறேன். ஒரு சிலையைச் சுற்றி வந்து பார்ப்பதுபோல இவளைச் சுற்றி வர நமக்கு ஒரு வழி திறந்துவிட்டார் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

இப்போது கட்டைவிரலால் அந்தப் பிம்பத்தை மறைத்துப் பாருங்கள். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். இடது பக்கம் முழங்கை, கை, சாடி என்று கூட்டம். வலது பக்கம் காலி. பிம்பம் அங்கே இருந்தே ஆக வேண்டியிருக்கிறது. பின்னந்தலையை வைத்திருந்தால் வெறும் கறுப்புத் திட்டுதான் இருந்திருக்கும்.

முதலில் சொன்னதை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். ஒரு ரோஜா மடிப்புக்குள் எப்படி மறைகிறது என்பதில் நம்மை ஏமாற்றாதவர் என்று கண் ஒருமுறை முடிவுசெய்துவிட்டால், விரலையும் கண்ணாடியையும் அது சோதிப்பதில்லை. துணியில் ஒரு பூ தவறியிருந்தால் விரலின் மேல் உடனே சந்தேகம் வந்திருக்கும். ஆகவேதான் பன்னிரண்டு வருடம் கழித்து, இடையில் எத்தனையோ படங்கள் காத்திருக்கும்போது, 76 வயதுக் கிழவர் ஒரு கவுனின் பூக்களோடு போராடிக்கொண்டிருந்தார். அதை வீண் அலங்காரம் என்று ஒதுக்கினால் படத்தின் அஸ்திவாரத்தையே ஒதுக்கியதாகிவிடும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஓர் ஓவியர் பிக்காசோ. 1921ல் பாரிஸில் இந்தப் படம் காட்சிக்கு வந்தபோது பார்த்தார். 1932ல், தன் காதலி மரி-தெரேஸ் வால்தேரை அதே நிலையில் உட்கார வைத்து, கையில் புத்தகத்தோடு வரைந்தார். இனெஸின் இடது கையில் மடியில் கிடக்கும் விசிறியின் இடத்தில்தான் அந்தப் புத்தகம் வருகிறது. கலிஃபோர்னியாவில் பசடேனாவின் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2022ல் அந்தப் படத்தை லண்டனுக்குக் கொண்டுவந்து இதன் பக்கத்திலேயே மாட்டினார்கள். துணியின் துல்லியம், பட்டின் பளபளப்பு எல்லாவற்றையும் பிக்காசோ தூக்கி எறிந்துவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? எலும்பில்லாத அந்தக் கையையும், கண்ணாடியில் தெரியும் அந்தப் பக்கவாட்டு முகத்தையும்தான். கேள்வி கேட்டவர் தவறு என்று சுட்டிய அதே இரண்டு இடங்கள். ஆங்க்ர் நூறு சதவீதம் இயல்பு போலக் காட்டி மறைத்து வைத்ததை பிக்காசோ பட்டவர்த்தனமாக்கினார். விரல்கள் அங்கே நட்சத்திர மீனின் கைகளாக விரிகின்றன.

லண்டன் போகிறவர்களுக்கு: தேசிய ஓவியக்கூடம் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது, நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. இந்தப் படத்தை அவர்கள் 1936ல் வாங்கினார்கள். படங்களை அறை மாற்றி மாட்டுவது வழக்கம் என்பதால் வரவேற்பில் கேட்டுவிட்டுப் போங்கள். போனதும் நேராக அருகே போகாமல் நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, உருவத்தின் வெளிக்கோட்டை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்: விரல்நுனி, முழங்கை, பாவாடை விளிம்பு, மறுபக்கத் தோள், தலை. கோடு எங்குமே அறுபடாமல் ஓடுவது தெரியும். பிறகு காவலர் அனுமதிக்கும் அளவுக்கு அருகே போய் ஒரே ஒரு மடிப்பைப் பாருங்கள். அடுத்து கை. முகத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே பார்த்தால் அதிலேயே நின்றுவிடுவீர்கள்.

வீட்டிலிருந்து பார்க்கிறவர்கள் ஓவியக்கூடத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். அதில் துணியும் நகையும் நேரில் பார்ப்பதைவிட நெருக்கமாகவே தெரியும். கண்ணாடிப் பிம்பத்தின் மங்கல் மட்டும் திரையில் சரியாக வராது. திரையின் வெளிச்சம் அதைத் தூக்கிக் காட்டிவிடும். அதனால் திரையின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் பாருங்கள். கூடவே நேப்பிள்ஸ் சுவரோவியத்தையும் இன்னொரு சாளரத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், கை எங்கிருந்து வந்தது என்பதை யாரும் சொல்ல வேண்டியிருக்காது.